வாயைத் திறந்தால் குட்டு வெளிப்படும்! சிகரெட் வாலிபர்களை மடக்கும் பல் டாக்டர்கள்

திருநின்றவூர் ரெயில் நிலையம். சாயங்கால நேரம். சென்னையில் இருந்து வந்த மின்சார ரெயில் நிற்கிறது. அம்பத்தூர், ஆவடி பக்கம் ஷிப்டு முடித்தவர்கள், கல்லூரி விட்டு வருகிறவர்கள், பாரிமுனையில் கடைச் சிப்பந்தி வேலை பார்ப்பவர்கள் என்று ஒரு பெரும் கூட்டம் இறங்கி விறுவிறுவென்று நடக்கிறது.

அந்தக் கூட்டத்தில் ஒரு வாலிபரை மட்டும் கவனியுங்கள். பெயர் வேண்டாம். அவர் ஒருவர் அல்ல. இந்தப் பக்கத்து நிலையங்களில் தினமும் இறங்கும் எத்தனையோ பேருக்கு அவர் ஒரு அடையாளம். வயது 20 இருக்கும்.

வெளியே வந்ததும் நேரே பெட்டிக்கடை.

"அண்ணே, ஒண்ணு!"

என்ன ஒன்று என்று கடைக்காரர் கேட்பது இல்லை. எடுத்து நீட்டுகிறார். 5 நிமிஷம். ஊதித் தள்ளியாயிற்று. பிறகு நடப்பதுதான் வேடிக்கை. பையில் இருந்து ஒரு புதினா மிட்டாய் வாய்க்குப் போகிறது. விரல்களைக் கைக்குட்டையால் துடைக்கிறார். சட்டையை இரண்டு உதறு உதறுகிறார். காற்றாட ஒரு தெரு சுற்றி நடந்து வீட்டுக்குப் போகிறார்.

அம்மாவுக்குத் தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது. (தெரிந்தும் தெரியாத மாதிரி இருக்கிறாரோ என்னவோ!) பக்கத்து வீட்டுக்காரருக்கும் தெரியாது.

ஆனால் ஒரே ஒருவரிடம் மட்டும் இந்த மிட்டாய் வித்தை பலிக்காது. அவர்தான் பல் டாக்டர்!

கண்ணாடி காட்டிக் கொடுக்கிறது

20 வயது வாலிபர் எந்த டாக்டரிடம் போகிறார்? காய்ச்சல் வந்தால் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு படுத்துவிடுவார். ரத்த அழுத்தம் பார்க்கிற வயசும் இல்லை. நெஞ்சு டாக்டரை அவர் பார்க்கப் போவதானால் இன்னும் 25 வருஷம் கழித்துத்தான். அப்போது காரியம் முற்றிப் போயிருக்கும்.

பல் டாக்டரிடம் மட்டும் இந்த வயதிலேயே போய்த் தீர வேண்டி இருக்கிறது. பல் வலி வந்தால் ராஜாவானாலும் உட்கார முடியாது. அது தவிர பல்லுக்குக் கிளிப் போட வருகிறார்கள். "வேலைக்கு நேர்முகப் பேட்டி இருக்குது சார், கொஞ்சம் கிளீன் பண்ணி விடுங்க" என்று வருகிறார்கள். பெண் பார்க்கப் போகும் முன்பும் வருகிறார்கள்.

நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்ததும் டாக்டர் சிறிய கண்ணாடியை உள்ளே விடுகிறார். வெளியே தெரியும் முன்பல்லை அவர் முதலில் பார்ப்பது இல்லை. அதைத்தான் வாலிபர் தினமும் தேய்த்துப் பளபள என்று வைத்திருக்கிறாரே! கீழ்வரிசை முன்பற்களின் உள்பக்கம், நாக்கு படுகிற இடம், அங்கேதான் கண்ணாடி போகிறது. பழுப்பும் கறுப்புமாகக் கறை அப்பி இருக்கும். புகையில் உள்ள தார் படிந்த கறை அது. நிக்கோட்டினுக்குச் சொந்தமாக நிறம் கிடையாது. காற்றுப் பட்டதும் மஞ்சளாக மாறுகிறது. விரல் இடுக்கில் தெரியும் மஞ்சளுக்கும் இதுதான் காரணம்.

டீ, காப்பி குடித்தாலும் கறை வரும்தான். பாக்கு போட்டாலும் வரும். ஆனால் டாக்டர் கறையோடு நின்றுவிடுவது இல்லை. மேல் அண்ணத்தைப் பார்க்கிறார். சூடான புகை தொடர்ந்து பட்டவர்களுக்கு அங்கே தோல் வெளுத்து, நடுநடுவே சிவப்புப் புள்ளிகள் தெரியும். ஈறு கறுத்து இருக்கிறதா, கன்னத்தின் உள்பக்கம் வெள்ளைத் திட்டு இருக்கிறதா என்றும் பார்க்கிறார்.

வெள்ளைத் திட்டு என்றதும் பயந்துவிட வேண்டாம். எல்லாத் திட்டும் புற்றுநோய் ஆகிவிடுவது இல்லை. புகையிலையை விட்டதும் தானாகவே மறைந்து போகிற திட்டுகள் நிறைய. ஆனால் சில திட்டுகள் பின்னால் புற்றாக மாறுகின்றன. எது மாறும், எது மாறாது என்று வெறும் கண்ணால் பார்த்து அடித்துச் சொல்ல முடியாது. இந்திய ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதல் இடத்தில் நிற்பது வாய்ப்புற்று என்பதை மறந்துவிடக் கூடாது. 15 நாள் ஆகியும் ஆறாத புண் வாயில் இருந்தால் மறுநாளே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

ரத்தம் வராத ஈறு

"எனக்குப் பல் தேய்ச்சா ரத்தமே வராது சார். ஈறு கல்லு மாதிரி இருக்குது!"

சிகரெட் பிடிப்பவர்கள் இப்படிப் பெருமையாகச் சொல்வது உண்டு. இதில்தான் ஏமாற்று இருக்கிறது.

நிக்கோட்டின் ரத்தக் குழாய்களைச் சுருங்க வைக்கிறது. ஈறில் நோய் இருந்தால் மற்றவர்களுக்குச் சிவந்து, வீங்கி, பிரஷ் பட்டதும் ரத்தம் கசியும். அதுதான் எச்சரிக்கை மணி. சிகரெட் பிடிப்பவருக்கு அந்த மணியே அடிப்பது இல்லை! மேலே எல்லாம் சாதுவாக இருக்கும். அடியில் பல்லைத் தாங்குகிற எலும்பு கரைந்துகொண்டே போகும். ஒரு நாள் முறுக்கைக் கடிக்கும்போது பல் ஆடும். அப்போதுதான் தெரியும்.

சிகரெட்டை விட்ட சில நாளில் இன்னொரு கூத்து நடக்கிறது. அதுவரை ரத்தம் வராத ஈறில் திடீரென்று ரத்தம் கசிகிறது. "விட்டதாலதான் இப்படி ஆச்சு" என்று வாலிபர் மறுபடி பெட்டிக்கடைக்கு ஓடிவிடுகிறார். உண்மையில் ஈறுக்கு ரத்த ஓட்டம் திரும்பி வருகிறது என்று அர்த்தம். மறைந்து இருந்த நோய் இப்போதுதான் வெளியே தெரிகிறது. சுத்தம் செய்து வைத்தியம் பார்த்தால் அது அடங்கும். இந்த ஒரு விஷயத்தை டாக்டர் முன்கூட்டியே சொல்லி வைக்காவிட்டால் பாதியில் ஓடுகிறவர்கள் அதிகம் ஆவார்கள்.

கறையை எடுக்கிறேன் என்று சாம்பலும் செங்கல் தூளும் போட்டுத் தேய்க்கிற ஆசாமிகளும் இருக்கிறார்கள். கறையோடு பல்லின் மேல் பூச்சும் சேர்ந்து போய்விடும். அப்புறம் ஐஸ் தண்ணீர் பட்டால் கூச்சல்தான்.

ஞானப் பல் வரும் வயசு

கடைவாய்க் கோடியில் கடைசியாக முளைப்பது ஞானப் பல். அது தலைகாட்டுவது சுமார் 17 வயதில் இருந்து 25 வயதுக்குள்.

சிகரெட் எந்த வயதில் ஒட்டிக்கொள்கிறது? 2016-17ல் நாடு முழுவதும் பெரியவர்களிடம் எடுத்த புகையிலைக் கணக்குப்படி, பழக்கம் தொடங்கும் சராசரி வயது 18.9. பல்லும் சிகரெட்டும் ஒரே வண்டியில் ஏறி வருகின்றன!

இதைவிடச் சின்ன வயதிலேயே தொடுகிறவர்களும் இருக்கிறார்கள். 2019-ம் ஆண்டு 13 வயது முதல் 15 வயது வரையுள்ள பள்ளி மாணவ-மாணவிகளிடம் நாடு தழுவிய ஆய்வு நடந்தது. புகையிலை உபயோகிப்பவர்கள் 100-க்கு எட்டரை பேர். சிகரெட்டைத் தொட்ட பிள்ளைகளில் 100-க்கு 38 பேர் 10 வயது முடியும் முன்பே தொட்டுவிட்டார்கள். 10 வயது என்றால் ஐந்தாம் வகுப்பு!

ஞானப் பல் பல பேருக்குச் சரியாக முளைக்க இடம் இருக்காது. கோணலாக முட்டும். கன்னம் வீங்கும். வாயைத் திறக்க முடியாது. கடைசியில் பிடுங்க வேண்டி வரும்.

பிடுங்கிய பிறகு டாக்டர் சொல்வதை எல்லோரும் கேட்டு இருப்பீர்கள். பஞ்சைக் கடித்துக்கொள். எச்சில் துப்பாதே. உறிஞ்சுகுழல் போட்டு ஜூஸ் குடிக்காதே. சிகரெட் கூடவே கூடாது.

ஏன்? பல் இருந்த குழியில் ரத்தம் உறைந்து ஒரு மூடி மாதிரி நிற்கிறது. அடியில் உள்ள எலும்பையும் நரம்பையும் காப்பது அந்த உறைகட்டிதான். சிகரெட்டை இழுக்கும்போது அந்தக் கட்டி பிய்ந்து வந்துவிடும். புகையும் அதை ஆற விடாது. கட்டி போனால் குழி காய்ந்து எலும்பு வெளியே தெரியும். வலி என்றால் அப்படி ஒரு வலி! பல் இருந்தபோது இருந்த வலி அதற்கு முன்னால் ஒன்றும் இல்லை. காது வரை குத்தும்.

அதனால் குறைந்தது 3 நாள் சிகரெட் கிடையாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்கிறார்.

3 நாள் கெடு

இந்த 3 நாள்தான் விஷயமே!

சிகரெட்டை விட்டவர்களை நிக்கோட்டின் ஏக்கம் உச்சமாக ஆட்டி வைப்பது முதல் 2, 3 நாட்களில்தான். எரிச்சல் வரும். தலை வலிக்கும். தூக்கம் வராது. யார் பேசினாலும் அடிக்கலாம் போல இருக்கும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து 3, 4 வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும்.

பல் பிடுங்கிய வாலிபர் எப்படியும் அந்த 3 நாளைச் சிகரெட் இல்லாமல் கடத்தித்தான் ஆக வேண்டும். வாயில் வலி. வீட்டில் படுக்கை. அம்மா கையால் ஆறிய கஞ்சி. கடைப்பக்கம் போகிற தெம்பே இல்லை. மலையின் செங்குத்தான பாகத்தைத் தன்னை அறியாமலே ஏறி முடித்துவிட்டார்!

நான்காம் நாள் தையலைப் பார்க்க வரும்போது டாக்டர் கேட்கிறார்:

"தம்பி, 3 நாள் இல்லாம இருந்திட்டே. கஷ்டமான பாதி முடிஞ்சுது. மறுபடி ஏன் முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்?"

இந்தக் கேள்வியைக் கேட்கிற வாய்ப்பு வேறு எந்த டாக்டருக்கும் இவ்வளவு கச்சிதமாகக் கிடைப்பது இல்லை. கேட்காமல் விட்டால்? வாலிபர் வெளியே போனதும் முதல் வேலை பெட்டிக்கடைதான்.

அம்மா, கொஞ்சம் வெளியே...

விவரம் தெரிந்த டாக்டர் முதலில் செய்வது, கூட வந்த தாயாரை வெளியே அனுப்புவது!

"அம்மா, நீங்க கொஞ்சம் வெளியே உட்காருங்க. எக்ஸ்ரே எடுக்கணும்."

தாயார் போனதும் நாற்காலியை நிமிர்த்துகிறார். சாய்ந்து வாயைப் பிளந்துகொண்டு இருக்கும் ஆளிடம் புத்தி சொல்லக் கூடாது. அவனால் பதில் பேச முடியாது. மனசுக்குள் திட்டிக்கொண்டு இருப்பான்.

"தம்மு அடிக்கிறியா?" என்று கேட்டால் "ச்சே, இல்ல சார்" என்றுதான் பதில் வரும். "ஒரு நாளைக்கு எத்தனை?" என்று கேட்டால் கதை வேறு. வாலிபர் தலையைக் குனிந்துகொண்டு "நாலு... அஞ்சு சார்" என்கிறார். அதோடு இன்னொரு கேள்வி: "காலையில எழுந்ததும் எவ்வளவு நேரத்துல முதல் சிகரெட்?" அரைமணி நேரத்துக்குள் என்றால் பழக்கம் ஆழமாக வேர் விட்டு இருக்கிறது என்று கணக்கு. மத்தியானம் டீ குடிக்கும்போதுதான் என்றால் சுலபமாகப் பிடுங்கிவிடலாம்.

பிறகு கையில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொடுத்து, அவர் வாயை அவருக்கே காட்டுகிறார். "இதோ பாரு, இது உன் அண்ணம். இது கறை. இந்த இடத்துல ஈறு இறங்கி இருக்குது." சிகரெட் பெட்டியில் போடும் பயங்கரப் படம் யாரோ ஒருத்தன் வாய். இது தன் வாய்! 45 வயதில் மாரடைப்பு வரும் என்றால் 20 வயதுக்காரன் சிரிப்பான். வாய் நாறும், பல் மஞ்சளாகும், கல்யாணத்துக்கு முன் பல் ஆடும் என்றால் சிரிப்பு நின்றுவிடும்.

திட்டுவது கிடையாது. வீட்டில் சொல்லிவிடுவேன் என்று மிரட்டுவதும் கிடையாது. மிரட்டினால் அடுத்த தடவை அந்த வாலிபர் அந்த டாக்டரிடம் வரவே மாட்டார்.

கிளிப் போட்ட பிள்ளைகள் விஷயத்தில் டாக்டருக்கு இன்னும் வசதி. ஒன்றரை வருஷம், இரண்டு வருஷம் என்று மாதா மாதம் வந்துதான் ஆக வேண்டும். கம்பியைச் சுற்றி ஒட்டும் கறை மாதாமாதம் சாட்சி சொல்லும்.

மனசுக்குள் நாள் குறித்தவர் ஊர்

உலக சுகாதார நிறுவனம் சொல்லிக் கொடுக்கும் முறை ரொம்பச் சாதாரணமானது. கேள், விடச் சொல், விட மனசு இருக்கிறதா என்று பார், வழி காட்டு, மறுபடி வரச் சொல். 3 நிமிஷ வேலை. அதில் முக்கியமானது நாள் குறிப்பது. "விடலாம் சார், பார்க்கலாம்" என்பது செல்லாது. இரண்டு வாரத்துக்குள் ஒரு தேதி வேண்டும். அன்று காலை முதல் ஒன்றுகூடக் கிடையாது.

நாள் குறிப்பதைப் பற்றித் திருநின்றவூர்க்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியது இல்லை. கையில் காசு இல்லாமல் மனசுக்குள்ளேயே கோவில் கட்டி, கும்பாபிஷேகத்துக்கும் நாள் குறித்த பூசலார் நாயனார் ஊர் ஆயிற்றே! அதே நாளில் காஞ்சியில் கும்பாபிஷேகம் வைத்த அரசன் தன் தேதியை மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. பூசலாரின் மனக்கோவில்தான் இன்று இருதயாலீசுவரர் கோவில் என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள். (பழைய ஆட்கள் வாயில் இந்த ஊர் இன்னும் 'தின்னனூர்'தான்.)

தேதி வந்துவிட்டது. ஏக்கம் எழும்பினால்? ஒரு தடவை எழும்பும் ஏக்கம் சில நிமிஷம்தான் நிற்கும். அந்தச் சில நிமிஷத்தை ஓட்டிவிட வேண்டும். ஒரு டம்ளர் தண்ணீரை மெதுவாகக் குடிப்பது, நாலு தடவை மூச்சை இழுத்து விடுவது, இடத்தை விட்டு எழுந்து நடப்பது, இவ்வளவுதான் வைத்தியம். முதல் 2 வாரம் டீக்கடைப் பக்கம் போகாமல் வீட்டில் டீ குடிப்பது நல்லது. டீயும் தம்மும் அண்ணன் தம்பி. ஒருத்தனைக் கூப்பிட்டால் இன்னொருத்தனும் கூடவே வருவான்.

கூட்டாளிகளிடம் "விட்டுட்டேன்" என்று சொல்ல வெட்கமாக இருக்கிறதா? "பல்லு பிடுங்கி இருக்குது மச்சி, டாக்டர் கூடாதுன்னுட்டாரு" என்று சொன்னால் போதும். எந்தக் கூட்டாளியும் மறுத்துப் பேச மாட்டான்.

மெல்லத் தெரிய வேண்டும்

பேச்சு மட்டும் போதாதவர்களுக்கு நிக்கோட்டின் சூயிங்கம் இருக்கிறது. மருந்துக் கடையில் கிடைக்கும். ஆனால் மெல்லத் தெரியாமல் மென்றுவிட்டு "சரியில்லை" என்று துப்புகிறவர்களே அதிகம்.

மிட்டாய் மாதிரி சவைக்கக் கூடாது. மெதுவாக நாலு கடி. நாக்கில் காரம் மாதிரி சுறுசுறு என்றதும் நிறுத்திவிட்டுக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வைக்க வேண்டும். காரம் குறைந்ததும் மறுபடி நாலு கடி. இப்படி அரைமணி நேரம். அவசரப்பட்டு மென்று விழுங்கினால் விக்கல் வரும், வயிறு எரியும். மெல்லுவதற்கு 15 நிமிஷம் முன்பு இருந்தே டீ, காப்பி, சோடா கூடாது. குடித்தால் மருந்து வாயில் ஏறாது.

பல் பிடுங்கிய கையோடு இதை மெல்லக் கூடாது. எவ்வளவு பலம் உள்ளது, எத்தனை நாள் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். 18 வயது ஆகாத பையன்கள் தாங்களாகவே வாங்கி மெல்லுவது கூடவே கூடாது.

இன்னொரு ஆபத்து. "சிகரெட்டை விட்டுட்டேன் சார்" என்று சந்தோஷமாகச் சொல்கிறவர் உதட்டு இடுக்கில் ஹான்ஸ் இருக்கும்! பேயை ஓட்டிப் பூதத்தை வைத்த கதை. பல் டாக்டரிடம் இதுவும் மறையாது. உதட்டை இழுத்துப் பார்த்தால் வைத்த இடம் வெளுத்துச் சுருங்கி இருக்கும்.

பெட்டியில் உள்ள நம்பர்

சிகரெட் பெட்டியில் எச்சரிக்கைப் படத்தோடு ஒரு டெலிபோன் நம்பரும் அச்சடிக்கிறார்கள். 2018-ம் ஆண்டு செப்டம்பர் முதல் இந்த ஏற்பாடு. நம்பர்: 1800-11-2356. காசு கிடையாது. புகையிலையை விட விரும்புகிறவர்களுக்குப் பேசி வழி காட்டுவார்கள். தென்னாட்டு மொழிகளுக்குப் பெங்களூர் நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரியில் மையம் இருக்கிறது. தமிழிலேயே பேசலாம்.

நல்ல ஏற்பாடு. ஆனால் நம் வாலிபர் பெட்டியையா வாங்குகிறார்? ஒற்றைச் சிகரெட் அல்லவா வாங்குகிறார்! படமும் நம்பரும் கடைக்காரர் கையிலேயே நின்றுவிடுகின்றன. மகாராஷ்டிர மாநிலத்தில் 2020-ல் ஒற்றைச் சிகரெட் விற்பனையைத் தடை செய்தார்கள்.

சட்டத்துக்கும் குறைவு இல்லை. 2003-ம் ஆண்டு மத்திய சட்டப்படி 18 வயது ஆகாதவர்களுக்குச் சிகரெட் விற்கக் கூடாது. பள்ளி, கல்லூரிகளில் இருந்து 100 கஜ தூரத்துக்குள்ளும் விற்கக் கூடாது. பொது இடத்தில் புகைத்தால் ரூ.200 வரை அபராதம். 2008 அக்டோபர் 2-ந் தேதி, காந்தி ஜெயந்தி அன்று, இந்தத் தடையை நாடு முழுவதும் இறுக்கினார்கள். ரெயில் பெட்டியில் புகைப்பது ரெயில்வே சட்டப்படி தனிக் குற்றம். ஆனால் எந்தச் சட்டமும் வாலிபர் வாய்க்குள் எட்டிப் பார்ப்பது இல்லை.

கேட்காத டாக்டர்கள்

எல்லாப் பல் டாக்டரும் கேட்கிறாரா?

இல்லை என்பதுதான் உண்மை. வெளியே 10 பேர் காத்து இருக்கிறார்கள். கறையைச் சுரண்டி எடுத்து, பணத்தை வாங்கிக்கொண்டு, "அடுத்தவர்!" என்று கூப்பிட்டால் வேலை முடிந்தது. 6 மாதம் கழித்து அதே கறையோடு அதே ஆள் வருவார். தொழிலுக்கு நல்லதுதான்! ஆனால் வைத்தியம் ஆகாது.

நாடு தழுவிய கணக்கும் இதைத்தான் சொல்கிறது. 2016-17 ஆய்வில், அந்த வருஷம் ஏதாவது ஒரு வைத்தியரிடம் போன புகைபிடிப்பவர்களில் 100-க்கு சுமார் 49 பேருக்குத்தான் "விட்டுவிடு" என்ற வார்த்தையே கிடைத்தது. மீதிப் பேரிடம் யாரும் சொல்லவில்லை. அதே ஆய்வில், விட்டுவிட நினைப்பதாகச் சொன்னவர்கள் 100-க்கு 55 பேர். கேட்கத் தயாராக ஆள் இருக்கிறது. சொல்லத்தான் ஆள் குறைவு.

யார் துணையும் இல்லாமல் தானே விடுகிறேன் என்று இறங்குகிறவர்களில் வருஷக் கடைசி வரை தாக்குப் பிடிப்பவர்கள் 100-க்கு 3 முதல் 5 பேர்தான். பல் டாக்டர் பேசினால் எண்ணிக்கை கூடுமா? வெளிநாடுகளிலும் இந்தியாவிலும் ஆராய்ச்சி செய்து பார்த்து இருக்கிறார்கள். அப்படிப்பட்ட 20 ஆராய்ச்சிகளை, கிட்டத்தட்ட 15 ஆயிரம் பேர் சம்பந்தப்பட்டவை, 2021-ல் காக்ரேன் என்ற சர்வதேச அமைப்பு சேர்த்து அலசியது. பல் டாக்டர் பேசினாலே விடுகிறவர்கள் கூடுவதாகத் தெரிந்தது. ஆனால் அந்த ஆதாரம் அவ்வளவு கெட்டி இல்லை என்றும் சொன்னார்கள். பேச்சோடு நிக்கோட்டின் மருந்தும் சேர்ந்தால் பலன் இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

2018-ல் ஒரு மாறுதல் வந்தது. நாட்டில் உள்ள பல் மருத்துவக் கல்லூரிகள் எல்லாவற்றிலும் புகையிலையை விட உதவும் மையம் திறக்க வேண்டும் என்று மத்திய சுகாதாரத் துறையும் அப்போதைய இந்தியப் பல் மருத்துவக் கவுன்சிலும் வழிமுறை வகுத்தன. இப்படிக் கல்லூரிகள் 300-க்கு மேல் இருக்கின்றன. அதற்கு முன்பு, 2002-ல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவோடு நாடு முழுவதற்கும் சேர்த்து 13 இடங்களில்தான் இப்படிப்பட்ட மையங்களைத் தொடங்கினார்கள். சென்னையில் அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி அதில் ஒன்று. அங்கே போவதற்கு வாலிபர்களுக்குப் பயம். பல் ஆஸ்பத்திரி என்றால் அந்தப் பயம் இல்லை.

மையங்களில் உபயோகப்படும் ஒரு கருவி வாலிபர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். போலீசார் குடிகாரர்களை ஊதச் சொல்வார்களே, அந்த மாதிரி! ஊதினால் மூச்சில் எவ்வளவு கார்பன் மோனாக்சைடு இருக்கிறது என்று நம்பர் காட்டும். இன்று ஊதிவிட்டு, விட்ட இரண்டாம் நாள் வந்து ஊதினால் நம்பர் சரசர என்று இறங்கி இருக்கும். பரீட்சையில் மார்க் குறைந்தால் சந்தோஷப்படுவது இந்த ஒரு இடத்தில்தான்.

எங்கே போவது?

திருநின்றவூர்க்காரர்களுக்கு வழி சுலபம். மின்சார ரெயிலில் மூர் மார்க்கெட் நிலையத்தில் இறங்கி, எதிரே பூங்கா நிலையத்துக்கு நடந்து, கடற்கரை வண்டியில் ஏறினால் அடுத்த நிலையம் கோட்டை. பக்கத்திலேயே அரசு பல் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. 1953-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகத் தொடங்கிய இடம் அது. காலையிலேயே போய் வெளிநோயாளிச் சீட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். அவ்வளவு தூரம் வேண்டாம் என்றால் திருவள்ளூர் தாண்டி பாண்டூரிலும், பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வேலப்பன்சாவடியிலும் தனியார் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. அதுவும் வேண்டாமா? தெருமுனைப் பல் டாக்டரிடமே, "சார், இதை விடணும்" என்று நீங்களே வாயைத் திறந்து சொல்லலாம். அவர் கேட்காவிட்டால் என்ன, நீங்கள் கேளுங்கள்!

குமாஸ்தாக்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. ஒரு நாளைக்கு 6 சிகரெட் என்றால் மாதம் 180. வருஷம் 2,190. ஒற்றைச் சிகரெட் என்ன விலை என்று உங்களுக்கே தெரியும். பெருக்கிப் பாருங்கள்.

இன்னொரு கணக்கு லண்டனில் இருந்து. ரிச்சர்ட் டால் என்ற நிபுணரும் அவருடைய கூட்டாளிகளும் 1951-ல் தொடங்கி 50 வருஷம், 34 ஆயிரத்துக்கு மேற்பட்ட இங்கிலாந்து டாக்டர்களையே கண்காணித்தார்கள். 2004-ல் முடிவு வந்தது. சிகரெட்டை விடாதவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக 10 வருஷம் முன்னதாகச் செத்தார்கள். 60 வயதில் விட்டவர்களுக்கு 3 வருஷம் திரும்பக் கிடைத்தது. 50-ல் விட்டவர்களுக்கு 6. 40-ல் 9. 30 வயதில் விட்டவர்களுக்கு அந்த 10 வருஷமும் கிட்டத்தட்ட முழுசாகத் திரும்பியது. நம் வாலிபருக்கு 20!

மறுபடி வா தம்பி

நடுவில் ஒரு கல்யாண வீட்டில் வழுக்குகிறவர்கள் உண்டு. "ஒண்ணே ஒண்ணுதான் சார்..." டாக்டர் கோபித்துக்கொள்வது இல்லை. எங்கே, யாரோடு, எத்தனை மணிக்கு என்று கேட்டு எழுதி வைத்துக்கொண்டு, மறுபடி ஒரு தேதி குறிக்கிறார். மூன்றாவது, நான்காவது முயற்சியில் விட்டவர்கள் ஏராளம்.

கறையைச் சுத்தம் செய்து அனுப்பும்போது சீட்டில் அடுத்த தேதியும் எழுதித் தருகிறார். 6 மாதம் கழித்து. அன்றைக்கு வாலிபர் மிட்டாய் போட்டுக்கொண்டு வந்தாலும் சரி, போடாமல் வந்தாலும் சரி, டாக்டர் எதுவும் கேட்கப் போவது இல்லை. கீழ்வரிசை முன்பல்லின் உள்பக்கம் கண்ணாடியை விட்டுப் பார்ப்பார்.